சுமை திடீரென விலகும்போது ஜெனரேட்டருக்கு என்ன நேர்கிறது

அன்று பிற்பகல் ஜெனரேட்டர் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்த எனக்கு முதலில் கேட்டது எஞ்சினின் குரல் மாறியதுதான். மணிக்கணக்காக ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று உச்சத்துக்கு ஏறி, அங்கே ஒரு கணம் நின்று, பிறகு இறங்கி ஓய்ந்தது. அந்த ஒரு கணத்தில் அறையின் விளக்குகள் கண் கூசும் அளவுக்கு வெளுத்து, உடனே அணைந்தன. உள்ளே இருந்த ஆபரேட்டர் ஓடிவந்து, "சார், ஃபீடர் பிரேக்கர் விழுந்துச்சு, எஞ்சின் ஒரேயடியா கத்துச்சு, வோல்ட் மீட்டர் ஊசி ஐந்நூறைத் தொட்டுச்சு சார்" என்றார். பிரேக்கர் விழுந்ததிலிருந்து விளக்கு அணையும்வரை இரண்டு நொடிகூட ஆகியிருக்காது.

அது 500 கே.வி.ஏ. திறனுள்ள செட், நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும் ஆறு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின், அது சுழற்றி மின்சாரம் உண்டாக்கும் நான்கு துருவ ஆல்டர்னேட்டர், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அன்று வெளி மின்சாரம் இல்லாததால் ஆலையின் தேவை முழுவதையும் அதுவே தாங்கிக்கொண்டிருந்தது. பேனலில் 320 கிலோவாட் காட்டியது. மோட்டார்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பெரிய ஃபீடரில் ஒரு கேபிளுக்கு எர்த் ஃபால்ட் (மின்சாரம் தரைக்குக் கசியும் பழுது) ஏற்பட, பிரேக்கர் தன் கடமையைச் சரியாகச் செய்து திறந்துகொண்டது. அதனால் 280 கிலோவாட் ஒரே நேரத்தில் போயிற்று. விளக்குகள், அலுவலகக் கணினிகள், கட்டுப்பாட்டு பேனல்கள் என்று ஏறக்குறைய 40 கிலோவாட் மட்டும் மிஞ்சியது. வேகம் எல்லையைத் தாண்டினால் தானே நிறுத்தும் பாதுகாப்பு வேலை செய்து, எஞ்சின் ஓவர்ஸ்பீட் டிரிப் ஆகி நின்றது.

அளவுக்கு மீறிய சுமைக்கு அஞ்சும் நாம், சுமை போய்விட்டால் எஞ்சினுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறோம். நானும் அந்த நாள்வரை ஒவ்வொரு செட்டையும் எவ்வளவு சுமையை ஏற்கிறது என்றுதான் சோதித்து வந்தேன். சுமையை விடும்போது எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து பார்த்ததில்லை. மிஞ்சிய அந்த 40 கிலோவாட்டில் இருந்த விளக்குகளின் எலெக்ட்ரானிக் சோக்குகள் பலவும், இரண்டு கட்டுப்பாட்டு பேனல்களின் பவர் சப்ளைகளும், ஒரு யு.பி.எஸ்.ஸின் உள்ளீட்டு அட்டையும் அன்று எரிந்துபோயின. பழுதான கேபிளோடு இவற்றுக்கு எந்தத் தொடர்பும் கிடையாது.

வேகம் ஏன் ஏறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் எரிபொருளை எரித்துத் தண்டைத் தள்ளுகிறது; ஆல்டர்னேட்டரில் ஓடும் மின்னோட்டம் அதே தண்டை எதிர்த்திசையில் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது; இரண்டும் சமமாக இருக்கும்வரை வேகம் மாறாது. பிரேக்கர் திறந்ததும் பிடிக்கும் கை சில மில்லி நொடிகளில் விலகிவிடுகிறது, ஆனால் தள்ளும் கை விலகுவதில்லை. ஏனென்றால் வேகத்தைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் கவர்னருக்கு, வேகம் ஏறிய பிறகுதான் செய்தியே தெரியும். அது ஆக்சுவேட்டருக்குச் சொல்லி, ஆக்சுவேட்டர் எரிபொருள் பம்பின் ரேக்கை (எரிபொருளின் அளவை மாற்றும் தண்டை) இழுத்து, குறைந்த எரிபொருள் ஒவ்வொரு சிலிண்டராக வந்து சேரும்வரை எஞ்சின் பழைய பலத்துடனேயே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் மிகுதியாகும் ஆற்றல் போக வேறு இடமில்லாமல் ஃபிளைவீலிலும் ரோட்டரிலும் வேகமாகச் சேர்கிறது.

இந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயத்தின் தீவிரம் உறைத்தது. 500 கே.வி.ஏ.வை 0.8 பவர் ஃபேக்டரால் (உண்மையில் வேலை செய்யும் பங்கால்) பெருக்கினால் செட்டின் முழுத்திறன் 400 கிலோவாட். சுழலும் பாகங்கள் அனைத்திலும் அடங்கியிருக்கும் ஆற்றல், அந்த முழுத்திறனில் அரை நொடி உற்பத்திக்குச் சமம், அதாவது 200 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். விலகிய 280 கிலோவாட் 0.1 நொடிக்கு அப்படியே தண்டில் சேர்ந்தால் 28 கிலோஜூல் கூடுகிறது. வேகம் 1600 சுற்றுக்கு ஏறுகிறது. அதே நிலை 0.15 நொடி நீடித்தால் 42 கிலோஜூல் கூடி, வேகம் 1650-ஐத் தொடுகிறது. எங்கள் செட்டில் ஓவர்ஸ்பீட் டிரிப் வைத்திருந்த இடம் சரியாக அந்த 1650. இமை கொட்டும் நேரத்தைவிடக் குறைவான 0.05 நொடித் தாமதம், எஞ்சின் தொடர்ந்து ஓடுமா நிற்குமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. 0.15 நொடியில் அந்த எஞ்சின் நான்கு சுற்றுகூட முழுதாகச் சுற்றியிருக்காது.

அந்தத் தாமதம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தோம். கவர்னர் கார்டை மாற்ற வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். ஃபிளைவீல் பல்லுக்கு எதிரே இருக்கும் வேக சென்சாரைக் கழற்றித் துடைத்து, இடைவெளியை அளந்து மாட்டினோம், அதில் குறையில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "கம்பியைக் கழற்றிப் பார்த்தியாப்பா? கார்டு கெட்டுப்போனா இவ்வளவு நாள் ஓடியிருக்காது. முதல்ல கம்பியைப் பாரு" என்றார்.

ஆக்சுவேட்டரின் கையையும் பம்பின் ரேக் நெம்புகோலையும் இணைக்கும் ஒரு சாண் நீளக் கம்பியைத்தான் அவர் சொன்னார். அதன் இரு முனையிலும் பால் ஜாயிண்ட் இருக்கும். சில மாதங்களுக்கு முன் ஓவர்ஹாலிங் முடிந்து எஞ்சினுக்கு வண்ணம் பூசியபோது, ஸ்ப்ரே அந்த ஜாயிண்டுகளின்மேலும் படிந்திருக்கிறது. அதன்மேல் டீசல் ஈரமும் தூசியும் சேர்ந்து கெட்டியாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கம்பியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டால் அது தன் எடையிலேயே கீழே சாய வேண்டும். இது விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. விரலால் தள்ளியபோது முதலில் அசையவில்லை, கொஞ்சம் அழுத்தியதும் டக்கென்று விடுபட்டு நகர்ந்தது. அந்த "டக்" வரை கழியும் நேரத்தில்தான் எஞ்சினுக்கு முழு எரிபொருளும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஜாயிண்டுகளை மாற்றி, நெம்புகோலின் அச்சைத் துடைத்து மாட்டியபின், ரேக் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரல் நுனியிலேயே போய்வந்தது.

வருத்தம் என்னவென்றால், எஞ்சின் இதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது. பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோது, சில வாரங்களாகவே அதிர்வெண் 49.6-க்கும் 50.4-க்கும் இடையே மெல்ல ஊசலாடியதை ஆபரேட்டர்கள் தவறாமல் எழுதிவைத்திருந்தார்கள். மோட்டார்கள் ஓடி நிற்பதால் வரும் அசைவு என்று நாங்கள் விட்டுவிட்டோம். சுமை மாறாதபோதும் அதிர்வெண் ஊசலாடினால், கவர்னரின் கெயினை (வேக மாற்றத்துக்கு அது எவ்வளவு பலமாகப் பதிலளிக்க வேண்டும் என்ற அமைப்பை) திருகும் முன் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். கெயினைக் குறைத்து ஊசலை அடக்கினால் வெளித்தோற்றத்துக்கு எல்லாம் சரியாகிவிடும். ஆனால் சுமை விலகும் நேரத்தில் கவர்னர் இன்னும் மந்தமாகத்தான் வேலை செய்யும்.

பொருள்கள் எரிந்ததற்கு வேகம் மட்டும் காரணமில்லை, மின்னழுத்தமும் சேர்ந்து ஏறியதுதான் காரணம். சுமை இருக்கும்போது ஆல்டர்னேட்டரின் உள்ளேயே கணிசமான மின்னழுத்தம் வீழ்கிறது. அதை ஈடுகட்டும் அளவுக்கு, மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் கருவியான ஏ.வி.ஆர்., ஃபீல்டுக்கு, அதாவது காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளுக்கு, மின்னோட்டத்தைக் கூட்டி வைத்திருக்கும். சுமை போனதும் உள்வீழ்ச்சி அந்தக் கணமே மறைகிறது. ஆனால் ஃபீல்டு ஒரு பெரிய சுருள் என்பதால் அதன் மின்னோட்டம் அந்தக் கணமே இறங்குவதில்லை. பிரஷ் இல்லாத ஆல்டர்னேட்டரில், ஃபீல்டுக்கு மின்னோட்டம் கொடுக்கும் எக்சைட்டரின் தாமதமும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒரு நல்ல செட்டிலும் மின்னழுத்தம் சில கணங்கள் மேலே போய்த்தான் திரும்பும், அது இயல்பானது. எங்கள் செட்டில் அது இயல்பைத் தாண்டிப் போனதற்குப் பேனலின் பஸ்பாரில் (எல்லா ஃபீடர்களுக்கும் பொதுவான மின்பட்டையில்) நேரடியாக மாட்டியிருந்த கெப்பாசிட்டர் பேங்க்தான் காரணம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

மோட்டார்கள் தங்கள் காந்தப்புலத்துக்காக வாங்கித் திருப்பித் தரும் மின்திறனை லேகிங் என்கிறோம், கே.வி.ஏ.ஆரில் அளக்கிறோம்; கெப்பாசிட்டருடையது அதற்கு நேரெதிரான லீடிங். மோட்டார்கள் ஓடும்போது 240 கே.வி.ஏ.ஆர். அளவுக்கு லேகிங் தேவை இருந்தது. அதில் 150-ஐ கெப்பாசிட்டர்கள் கொடுத்ததால் ஆல்டர்னேட்டர் மீதி 90-ஐ மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபீடர் விழுந்ததும் லேகிங் தேவை 30 அளவுக்குச் சுருங்கியது, ஆனால் கெப்பாசிட்டர்களின் 150 அப்படியே நின்றது. அதாவது ஆல்டர்னேட்டரின் தலையில் ஒரே கணத்தில் 120 கே.வி.ஏ.ஆர். லீடிங் சுமை வந்து உட்கார்ந்தது. லீடிங் மின்னோட்டம் ஃபீல்டுக்குத் துணையாக நின்று மின்னழுத்தத்தை மேலே தள்ளும். ஏ.வி.ஆர். ஃபீல்டு மின்னோட்டத்தைப் பூஜ்யம்வரை குறைக்கலாம், அதற்குக் கீழே எதிர்த்திசையில் கொண்டுபோக அதனால் முடியாது. அந்த எல்லைக்குப் பிறகு மின்னழுத்தம் அதன் கட்டுப்பாட்டில் இல்லை.

இங்கேதான் வேகமும் மின்னழுத்தமும் கைகோக்கின்றன. கெப்பாசிட்டரின் கே.வி.ஏ.ஆர். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் ஏற்ப உயரும். மின்னழுத்தம் 20 சதவீதமும் அதிர்வெண் 10 சதவீதமும் கூடினால், 150 கே.வி.ஏ.ஆர். பேங்க் ஏறக்குறைய 238 கே.வி.ஏ.ஆர். பேங்காக நடந்துகொள்ளும். அது மின்னழுத்தத்தை இன்னும் ஏற்றும். ஏறிய மின்னழுத்தம் அதை இன்னும் பெரிதாக்கும். அன்று எஞ்சின் டிரிப் ஆகாமல் ஓடியிருந்தால் சேதம் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

பவர் ஃபேக்டர் கட்டுப்படுத்தி தானே கெப்பாசிட்டர்களைக் கழற்றிவிடாதா என்று கேட்கலாம். கழற்றும், ஆனால் அது ஒவ்வொரு படியாக, படிகளுக்கு இடையே பல நொடிகள் பொறுத்துத்தான் கழற்றும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே ஃபீடர் பிரேக்கரின் துணைத் தொடர்பிலிருந்து (பிரேக்கரோடு சேர்ந்து மாறும் சிறு சுவிட்சிலிருந்து) ஒரு ஒயர் இழுத்து, பிரேக்கர் திறந்த கணமே கெப்பாசிட்டர் கான்டாக்டர்கள் அனைத்தும் விழும்படி இன்டர்லாக் செய்தோம். ஜெனரேட்டரில் ஓடும்போது சில படிகளுக்குமேல் கெப்பாசிட்டர் ஏறாதபடியும் பூட்டினோம். கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் பவர் ஃபேக்டர் 0.8 வரை இறங்குமே என்ற கவலை வேண்டியதில்லை. ஆல்டர்னேட்டர்கள் பொதுவாக அந்த 0.8-க்காகத்தான் செய்யப்படுகின்றன. ஓவர்வோல்டேஜ் ரிலேயும் எங்களிடம் இருந்தது. ஆனால் அதற்கு ஒரே ஒரு நிலை, 5 நொடித் தாமதத்துடன் வைக்கப்பட்டிருந்தது. மெதுவாக ஏறும் கோளாறுக்கு அது போதும். 130 சதவீதத்தைத் தாண்டினால் தாமதமில்லாமல் பிரேக்கரைத் திறக்கும் இரண்டாவது நிலையைப் பிறகு சேர்த்தோம்.

எஞ்சினைத் திரும்ப ஓட்டுவதற்குமுன் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். வேகம் 10 சதவீதம் கூடினால் சுழலும் பாகங்களின்மேல் உள்ள மையவிலக்கு விசை 21 சதவீதம் கூடுகிறது. 1650 சுற்று நான்கு துருவ ரோட்டருக்கு ஆபத்தான வேகம் இல்லை என்றாலும், ஃபேன் பிளேடுகளையும் கப்ளிங் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வைண்டிங்குக்கு மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டோம், அதற்குமுன் ஏ.வி.ஆர். இணைப்புகளைக் கழற்றி, சுழலும் டயோடுகளை ஷார்ட் செய்துகொண்டோம். இதை மறந்து மெகர் போட்டு, பிழைத்திருந்த ஏ.வி.ஆர்.ஐத் தாங்களே கொன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டர்போவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை இருந்தது. 320 கிலோவாட்டில் ஓடிய எஞ்சின் திடீரென நிற்கும்போது டர்போவின் டர்பைன் பக்கம் கொதிநிலையில் இருக்கும், ஆனால் அதற்கு எண்ணெய் கொடுக்கும் பம்ப் எஞ்சினோடு நின்றுவிடும். தேங்கிய எண்ணெய் பேரிங்கிலேயே கருகிப் படியும். ஒரு தடவையில் கெட்டுவிடாது, பல தடவை நடந்தால் தண்டு இறுகும். இதனால்தான் ஆபரேட்டர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பிரேக்கர் விழுந்து, எஞ்சின் ஒரு தடவை ஏறி இறங்கித் தன் வேகத்துக்கு வந்துவிட்டால், பதற்றத்தில் எமர்ஜென்சி பட்டனை அடிக்காதீர்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டு நிறுத்துங்கள். வேகம் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் மட்டும் உடனே நிறுத்துங்கள்; எரிபொருளை வெட்டியும் நிற்காத எஞ்சின் டர்போ சீல் வழியாகக் கசியும் எண்ணெயையே எரித்து ஓடக்கூடும், அப்போது காற்று வழியை அடைக்கும் வால்வு ஒன்றுதான் அதை நிறுத்தும். அந்த நேரத்தில் எஞ்சினுக்கு அருகில் யாரும் நிற்கக் கூடாது.

நடந்தது விபத்தாக இருந்தாலும், சுமை திடீரென விலகுவது அபூர்வமான நிகழ்ச்சி இல்லை என்பதும் அதன் பிறகுதான் எனக்குப் பட்டது. வெளி மின்சாரம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் தானியங்கி சேஞ்ச்ஓவர் முழுச் சுமையையும் ஒரே வீச்சில் ஜெனரேட்டரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. கையால் மாற்றும் இடங்களில் நாமே முழுச் சுமையில் மெயின் பிரேக்கரை இறக்குகிறோம். இப்போது எங்களிடம் பெரிய மோட்டார்களை முதலில் ஒவ்வொன்றாக நிறுத்தி, சுமையைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுவந்த பிறகே மாற்றும் பழக்கம் வந்திருக்கிறது. தானியங்கி மாற்றத்திலும் பெரிய சுமைகளைச் சில நொடிகள் முன்னதாக விடுவிக்கும்படி டைமர் வைத்திருக்கிறோம்.

கம்பியைச் சரிசெய்தபின் லோடு பேங்க் (சோதனைக்கான செயற்கைச் சுமை) வரவழைத்துச் சோதித்தோம். 25 சதவீதச் சுமையில் தொடங்கி, நிலையாக ஓடவிட்டு, பிரேக்கரை ஒரேயடியாகத் திறந்து, அதிகபட்ச வேகத்தையும் திரும்ப நிலைக்கு வர எடுத்த நேரத்தையும் ரெகார்டரில் பதித்தோம். 25-இல் 1530, 50-இல் 1560, 75-இல் 1595, முழுச் சுமையில் 1625 சுற்று. அனைத்திலும் மூன்று நொடிக்குள் அடங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க, ஜெனரேட்டர் செட்டுகளை ஜி2, ஜி3 போன்ற வகுப்புகளாகப் பிரிக்கும் ஐ.எஸ்.ஓ. 8528-5 தரத்தில் எண்கள் இருக்கின்றன: முழுச் சுமை ஒரேயடியாக விலகும்போது ஜி2 வகுப்புக்கு அதிர்வெண் 12 சதவீதமும் மின்னழுத்தம் 25 சதவீதமும், ஜி3 வகுப்புக்கு முறையே 10, 20 சதவீதமும் ஏறலாம், அதிர்வெண் திரும்ப ஜி2-க்கு 5 நொடி, ஜி3-க்கு 3 நொடி. நல்ல செட்டே இவ்வளவு ஏறலாம் என்பதை மனத்தில் வைத்துத்தான், அதனோடு இணையும் கருவிகளையும் ரிலேக்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரூப்பில், அதாவது சுமை ஏற ஏற வேகம் சிறிது குறையும்படி, ஓடும் செட் சுமை போனதும் 50-க்குத் திரும்பாது. 4 சதவீத டிரூப் என்றால் 52 ஹெர்ட்ஸில் நிற்கும். அது கோளாறு ஆகாது.

விபத்து நடந்த அன்றே, ஓவர்ஸ்பீட் டிரிப்பை 1650-இலிருந்து மேலே ஏற்றிவிட்டால் போதும் என்று ஒருவர் யோசனை சொன்னார், நான் மறுத்தேன். சோதனையில் முழுச் சுமைக்கு 1625 வந்ததைப் பார்த்தபின், 1650 உண்மையிலேயே மிக நெருக்கமான எல்லை என்று தெரிந்து, உற்பத்தியாளரின் கையேடு அனுமதித்த 1725-க்கு நானே ஏற்றினேன். இரண்டும் முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. இறுகிய கம்பியோடு எல்லையை ஏற்றியிருந்தால், எஞ்சின் நின்று காட்டிக்கொடுத்த பழுதை நாங்கள் ஓடவிட்டு மறைத்திருப்போம்.

கேஸ் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் த்ராட்டில் மூடிய பிறகும் மேனிஃபோல்டில் ஏற்கெனவே இருக்கும் கலவை எரிந்து தீர வேண்டும், அதனால் வேகம் டீசலைவிட அதிகம் ஏறலாம்; மூடிய த்ராட்டிலில் மோதித் திரும்பும் காற்று டர்போ கம்ப்ரசரைக் குலுக்கும். அங்கே சுமையைப் படிப்படியாக இறக்குவது இன்னும் அவசியம். இணையாக ஓடும் செட்டுகளில், சுமை குறையும்போது மந்தமான கவர்னர் உள்ள செட் மற்றதை மோட்டார்போல் சுற்றவைத்து, மின்சாரம் அதற்குள் தலைகீழாகப் பாய்வதால் ரிவர்ஸ் பவரில் விழவைக்கும்; அப்போது விழுந்த செட்டைக் குறை சொல்லாமல், நின்று ஓடும் செட்டின் கம்பியைப் பார்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை, எஞ்சின் நின்றிருக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அந்த ரேக்கை விரலால் நகர்த்திப் பார்ப்பதை எங்கள் பராமரிப்புத் தாளில் தனி வரியாகச் சேர்த்திருக்கிறேன். இரண்டு நிமிட வேலை. எஞ்சினுக்கு வண்ணம் பூச ஆள் வரும் நாளில், அவர் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கும் முன், இரண்டு பால் ஜாயிண்டுகளுக்கும் நானே டேப் சுற்றிவிடுகிறேன்.